நான்கு கைகளும் தெரிந்த பிறகும்

பிரிட்ஜ் ஆட்டத்தில் நான்கு பேரின் சீட்டுகளையும் முகம் தெரிய விரித்து வைத்து, "தெற்கு இத்தனை பிடி எடுக்க வேண்டும், எப்படி?" என்று கேட்கும் புதிருக்கு டபுள் டம்மி புதிர் என்று பெயர். யாரிடம் எந்தச் சீட்டு இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. எதிராளிகளும் எல்லாக் கைகளையும் பார்த்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள், ஒரு தப்பும் செய்யமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் எந்தச் சீட்டைப் போட்டாலும் ஜெயிக்கிற வழி இருந்தால்தான் அது விடை. மறைவு எதுவும் இல்லாததால் சுலபமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் கைக்கு ஆறு சீட்டு மட்டும் மிஞ்சிய நிலையில்கூட, தேர்ந்த ஆட்டக்காரர்கள் விடை கிடைக்காமல் தாளை மடித்து வைத்துவிட்டுப் போவதுண்டு.

பிரிட்ஜில் 52 சீட்டு, ஆளுக்கு 13. எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள்: வடக்கும் தெற்கும் ஓர் அணி, கிழக்கும் மேற்கும் இன்னோர் அணி. சீட்டு போடும் முறை கடிகாரம் சுற்றும் திசையில் போகும். தெற்குக்கு அடுத்து மேற்கு, பிறகு வடக்கு, பிறகு கிழக்கு. முதலில் ஏலம். எத்தனை பிடி எடுப்போம், எந்த இனம் துருப்பு என்பதை அங்கே முடிவு செய்கிறார்கள். துருப்பே இல்லாமலும் கேட்கலாம். 304, 28 ஆடிப் பழகியவர்களுக்கு இதில் பெரிய புதுமை கிடையாது. அங்கே ஜாக் பெரியது. இங்கே ஏஸ், ராஜா, ராணி, ஜாக், 10 என்று வரிசை. சீட்டில் இருக்கும் புள்ளிகளைக் கூட்டுவதும் இல்லை, எத்தனை பிடி என்பதுதான் கணக்கு. போட்ட இனம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும். இல்லாவிட்டால் துருப்பால் வெட்டலாம், வேண்டாத சீட்டைக் கழிக்கலாம். முதல் சீட்டு இறங்கியதும் ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தன் கையை மேசையில் விரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அவர்தான் டம்மி. பிரிட்ஜுக்கு முன்னோடியான விஸ்ட் ஆட்டத்தை இரண்டே பேர் ஆடும்போது இரண்டு டம்மிகள் விரிந்து கிடக்கும். தன் கையையும் அந்த இரண்டையும் கழித்துப் பார்த்தால் நாலாவது கையும் தெரிந்துவிடும். பெயர் அங்கிருந்து வந்தது.

இந்த வகைப் புதிர்களில் முதலில் பெரும் புகழ் பெற்றதும் விஸ்ட் காலத்தைச் சேர்ந்ததே. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த டபிள்யூ. எச். விட்ஃபெல்ட் லண்டனின் 'பால் மால் கெஸட்' இதழில் 1885இல் வெளியிட்ட அந்தப் புதிரில் கைக்கு ஆறே சீட்டு. 'விட்ஃபெல்ட் சிக்ஸ்' என்ற பெயரில் இன்றும் பேசப்படுகிறது. அதற்குப் பிறகு புதிர் அமைப்பது தனிக் கலையாகவே வளர்ந்தது. அதில் ஈடுபட்டவர்களில் கணிதக்காரர்களும் கணினிக்காரர்களும் நிறைய. 1973இல் 'பிரிட்ஜ் மேஜிக்' என்ற புதிர்ப் புத்தகத்தை எழுதிய ஹ்யூ டார்வென், தரவுத்தளத் துறையில் அறியப்பட்ட நிபுணர். ஸ்க்வீஸ் என்னும் உத்தியைப் பற்றி 1959இல் விரிவான நூல் எழுதிய கிளைட் லவ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர்.

எதிராளி ஒருவரே இரண்டு இனங்களைக் காவல் காக்கும்படி வைத்து, கடைசியில் அவர் ஏதாவது ஒன்றைக் கைவிட்டே தீர வேண்டிய இக்கட்டுக்குக் கொண்டுவருவதுதான் ஸ்க்வீஸ். சொல்வதைவிட ஒரு நிலையைப் பார்ப்பது நல்லது. துருப்பு இல்லை. கைக்கு நான்கு சீட்டு. தெற்கு முதலில் போட வேண்டும், நான்கு பிடியும் வடக்கு-தெற்குக்கே வேண்டும்.

வடக்கு: இஸ்பேட் ஏஸ், ஆர்ட்டின் ஏஸ், ஜாக், கிளாவர் 3.
கிழக்கு: இஸ்பேட் ராஜா, 5; ஆர்ட்டின் ராஜா, ராணி.
தெற்கு: இஸ்பேட் ராணி, 2, ஆர்ட்டின் 2, கிளாவர் ஏஸ்.
மேற்கு: இஸ்பேட் 10, 9, டைமண்ட் ராணி, ஜாக்.

மூன்று ஏஸ்கள் இருப்பதால் மூன்று பிடி உறுதி. நாலாவது பிடி தெற்கின் இஸ்பேட் ராணியிலிருந்தோ வடக்கின் ஆர்ட்டின் ஜாக்கிலிருந்தோ வர வேண்டும். இரண்டுக்கும் காவல் கிழக்குதான். ஆகவே கிழக்கை நெருக்க வேண்டும் என்பது பார்த்தவுடனே புரிந்துவிடும். கிளாவர் ஏஸைப் போட்டால் கிழக்கிடம் கிளாவர் இல்லை, எதையாவது கழிக்கத்தானே வேண்டும் என்று கை தானாக அந்தச் சீட்டுக்குப் போகும். போட்டுப் பார்த்தால் கிழக்கு அலட்டிக்கொள்ளாமல் இஸ்பேட் 5ஐக் கழிக்கிறது. அடுத்து இஸ்பேட் 2ஐ வடக்கின் ஏஸுக்குப் போட்டால் கிழக்கின் ராஜா தனியாக விழும். தெற்கின் ராணி இப்போது பெரிய சீட்டு. ஆனால் ஆட்டம் வடக்கின் கையில் இருக்கிறது, வடக்கிடம் மிஞ்சியவை இரண்டும் ஆர்ட்டின். ஏஸை எடுத்த பிறகு ஜாக்கைத்தான் போட வேண்டும், அதைக் கிழக்கு பிடித்துவிடும். ராணி தெற்கின் கையிலேயே வீணாகும்.

விடை, இஸ்பேட் 2ஐ முதலிலேயே வடக்கின் ஏஸுக்குப் போடுவது. இது பைத்தியக்காரத்தனமாகப் படும். ஏஸ் போய்விட்டால் கிழக்கின் ராஜாதானே இஸ்பேடில் பெரியது, நம் கையாலேயே அதற்குப் பட்டம் கட்டலாமா? கட்டலாம். அடுத்து வடக்கு கிளாவர் 3ஐப் போடுகிறது. கிழக்கிடம் இஸ்பேட் ராஜா, ஆர்ட்டின் ராஜா, ராணி என்ற மூன்றுதான். இஸ்பேட் ராஜாவைக் கழித்தால், கிளாவர் ஏஸில் ஜெயித்த தெற்கு இஸ்பேட் ராணியை எடுத்து, பிறகு ஆர்ட்டின் 2ஐ வடக்கின் ஏஸுக்குப் போடும். ஆர்ட்டினில் ஒன்றைக் கழித்தால், வடக்கின் ஏஸில் இன்னொன்றும் விழுந்து ஜாக் ஜெயிக்கும். கிழக்கின் கையில் வேண்டாத சீட்டு என்று ஒன்றுகூட மிச்சமில்லை. ஏஸை முன்கூட்டியே எடுத்து வழியைத் திறந்துவைக்கும் இந்த உத்திக்கு 'வியன்னா கூ' என்று பெயர். இதுவும் விஸ்ட் காலத்துச் சரக்கு.

மேற்கிடம் இருக்கும் இஸ்பேட் 10, 9 எதற்கு என்பதையும் கவனிக்க வேண்டும். அவை வெறும் நிரப்புச் சீட்டுகள் போலத்தான் தோன்றும். அவற்றை எடுத்துவிட்டு மேற்குக்கு டைமண்டாகவே கொடுத்தால், தெற்கு முதலில் 2க்குப் பதில் ராணியைப் போட்டும் ஜெயிக்கலாம். மிஞ்சும் 2 ராணியின் வேலையைச் செய்துவிடும். மேற்கிடம் 10 இருப்பதால் அது நடக்காது. இப்படி அமைப்பாளர் நினைக்காத இன்னொரு விடை புகுந்துவிட்டால் அந்தப் புதிர் செல்லாது. அந்தக் குறைக்குப் புதிர் உலகில் 'குக்' என்று பெயர். நல்ல புதிரில் முதல் சீட்டாவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சின்னச் சீட்டுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

புதிரை அவிழ்ப்பவருக்கு இதுவே முதல் துப்பு. 9, 8, 7 போன்ற சீட்டுகள் விசித்திரமாகப் பிரிந்து கிடந்தால், அவற்றில் ஏதோ ஒன்று ஒரு பிடி எடுக்கப் போகிறது அல்லது எடுக்கவிடாமல் தடுக்கப் போகிறது. பார்த்தவுடன் தோன்றும் ஆட்டம் பெரும்பாலும் தப்பு. அது விடையாக இருந்தால் யாரும் புதிராக அச்சிட்டிருக்க மாட்டார்கள். அடுத்த வேலை எண்ணுவது: உறுதியான பிடிகள் எத்தனை, குறைவது எத்தனை. ஒன்று மட்டும் குறைந்தால் ஸ்க்வீஸைத் தேடலாம். எதிராளிகள் ஒவ்வொருவராலும் எந்தச் சீட்டை விடவே முடியாது, எதை விட்டாலும் கவலையில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே கண்ட நிலையில் கிழக்கின் இஸ்பேட் 5தான் கவலையில்லாத சீட்டு. அதை முதல் பிடியிலேயே பிடுங்கிக்கொண்டதுதான் விடையின் சாரம். குறைவது இரண்டாக இருந்தால், எதிராளியிடம் ஒரு பிடியைத் தானாகவே கொடுத்து, அவர் எதைப் போட்டாலும் நமக்கு ஆதாயம் வரும்படி மாட்டவைக்கும் வழியைப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் தடுக்கி விழவைப்பது கையிலிருந்து கைக்குப் போகும் வழி. ஜெயிக்கும் சீட்டு ஒரு கையிலும் ஆட்டம் இன்னொரு கையிலும் சிக்கிக்கொண்டால் பயனில்லை. அதனால்தான் ஏஸையும் ராஜாவையும் கூட்டாளியின் பெரிய சீட்டின் கீழே வேண்டுமென்றே போட்டு ஒழிக்கும் விடைகள் அத்தனை இருக்கின்றன. மேசையில் எவரும் செய்யத் துணியாத காரியம் என்பதால், இவை கண்ணில் படவும் நேரமாகும்.

நாவலில் வந்த ஒரு டபுள் டம்மி கை உலகம் முழுவதும் தெரிந்தது. இயன் ஃபிளெமிங் 1955இல் எழுதிய 'மூன்ரேக்கர்' கதையில், சீட்டில் மோசடி செய்யும் ஹியூகோ டிராக்ஸை பிளேட்ஸ் என்ற கிளப்பில் ஜேம்ஸ் பாண்ட் அடுக்கி வைத்த சீட்டுக்கட்டால் மடக்குகிறான். கிழக்கில் இருக்கும் டிராக்ஸின் கை: இஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக், ஆர்ட்டினிலும் அதே நான்கு, டைமண்டில் ஏஸ், ராஜா, கிளாவரில் ராஜா, ஜாக், 9. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று ஏலத்துக்காகப் போடும் வழக்கமான கணக்கில், மொத்தமுள்ள 40இல் இந்த ஒரு கையிலேயே 31. தெற்கில் இருக்கும் பாண்டிடம் டைமண்டில் ராணி, 8, 7, 6, 5, 4, 3, 2. கிளாவரில் ஏஸ், ராணி, 10, 8, 4. கூட்டாளியிடம் 10க்கு மேல் ஒரு சீட்டும் இல்லை. ஆனால் சின்னக் கிளாவர் ஐந்து உண்டு, டைமண்ட் ஒன்றுகூட இல்லை. பாண்ட் கிளாவரைத் துருப்பாக்கி 13 பிடியும் எடுப்பதாக ஏலம் கேட்கிறான். மேற்கு எதைப் போட்டாலும் ஒன்றுதான். டைமண்டை வடக்கின் கையில் இரண்டு முறை வெட்டினால் டிராக்ஸின் ஏஸும் ராஜாவும் விழுந்துவிடும். வெட்டிய ஒவ்வொரு முறையும் அங்கிருந்து ஒரு கிளாவரைப் போட்டு, டிராக்ஸ் எதைப் போடுகிறார் என்று பார்த்து, அதற்கு ஒரு படி மேலே போட்டால் போதும். மூன்றாவது சுற்றோடு அவருடைய கிளாவர் தீர்ந்துவிடும். டைமண்ட் ராணி மேற்கின் கடைசி டைமண்டை இழுத்துவிடும், மீதி எல்லாம் பாண்டின் பிடி. டிராக்ஸால் தன் கையை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அந்தக் கையோடு எவரும், எதிராளி தோற்பான் என்று நம்பி, இரட்டிப்பு கேட்கத்தான் செய்வார்கள்.

மனிதர்கள் மணிக்கணக்கில் மோதும் இந்த வேலையைக் கணினியிடம் கொடுக்கும் முயற்சி வெகு சீக்கிரமே தொடங்கிவிட்டது. பின்னாளில் புகழ்பெற்ற கணித அறிஞரான எல்வின் பெர்லேகாம்ப், டபுள் டம்மி புதிர்களுக்கான நிரலைப் பற்றி 1963இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதினார். சீட்டு விழக்கூடிய விதங்கள் எத்தனை என்று கணக்கிட்டால் 29 இலக்க எண் வரும். அதில் ஒரே ஒரு பங்கீட்டை எடுத்துக்கொண்டாலும், 13 பிடிகளையும் ஆடக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பது எந்த இயந்திரத்துக்கும் ஆகாத காரியம். ஆகவே தேடலை வெட்டிச் சுருக்கும் தந்திரங்கள் வந்தன. ஒரே கையில் 8, 7, 6 என்று தொடர்ந்து இருந்தால் மூன்றும் ஒன்றுதான், ஒன்றைச் சோதித்தால் போதும். ஒரு வழி தோற்கும் என்று தெரிந்ததும் அதன் கிளைகளைத் திறந்தே பார்க்க வேண்டாம். 1990களில் ஜிப் என்ற பிரிட்ஜ் நிரலை எழுதிய மேத்யூ கின்ஸ்பெர்க், ஒரே மாதிரியான நிலைகளைக் கூட்டமாகச் சேர்த்து ஒரே விடையை நினைவில் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1998இல் பிரான்ஸின் லீல் நகரில் தேர்ந்த ஆட்டக்காரர்களோடு நடந்த, சீட்டு ஆடும் திறனை மட்டும் சோதிக்கும் போட்டியில் ஜிப் 12ஆம் இடம் பிடித்தது. இன்று ஸ்வீடனைச் சேர்ந்த போ ஹாக்லண்ட் எழுதிய டிடிஎஸ் போன்ற நிரல்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கிடைக்கின்றன. சாதாரணக் கணினியிலேயே முழுக் கையைக் கண் இமைக்கும் நேரத்தில் தீர்த்துவிடுகின்றன. எத்தனையோ பழைய புதிர்களில் ஒளிந்திருந்த 'குக்'குகள் வெளிச்சத்துக்கு வந்தது இதனால்தான்.

போட்டி முடிந்ததும் ஆட்டக்காரர்களுக்குத் தரப்படும் தாளில், ஒவ்வொரு பங்கீட்டிலும் எந்த அணி எந்தத் துருப்பில் எத்தனை பிடி எடுக்க முடியும் என்று அச்சிட்டிருப்பதும் இந்த நிரல்களின் கைங்கரியமே. "பத்து பிடி வரும் என்று போட்டிருக்கிறதே, ஒன்பதோடு நின்றுவிட்டீர்களே" என்று கூட்டாளியிடம் சண்டைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஓர் இனத்தில் இரண்டு கையிலுமாக ஒன்பது சீட்டு இருந்து, பெரிய சீட்டுகளில் ராணி மட்டும் எதிராளியிடம் இருக்கும் நிலையைப் பார்க்கலாம். மீதி நான்கு சீட்டும் இரண்டு இரண்டாகப் பிரிய வாய்ப்பு 40.7 சதவீதம், மூன்றும் ஒன்றுமாகப் பிரிய 49.7, நான்கும் ஒரே பக்கம் விழ 9.6. மேசையில் இருப்பவர் இந்த எண்களை நம்பித்தான் ஏஸ், ராஜா என்று மேலிருந்து எடுக்கிறார். நிரலுக்கு ராணி எங்கே என்று தெரியும், அது ஒருபோதும் தவறவிடாது. மறுபக்கம், முதல் சீட்டு போடுகிற எதிராளி இருட்டில் துழாவும்போது, நிரலில் வரும் எதிராளி சரியான சீட்டையே போடுகிறார். இந்த இரண்டு மிகைகளும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆனால் ஒரு தனிக் கையில் எது ஓங்கும் என்று சொல்ல முடியாது.

கணினி பிரிட்ஜ் ஆடும்போதும் இதே இடத்தில்தான் இடறுகிறது. மறைந்திருக்கும் சீட்டுகளைப் பலவிதமாக விநியோகித்து, ஒவ்வொன்றையும் டபுள் டம்மியாகத் தீர்த்து, அதிக முறை ஜெயிக்கும் சீட்டைப் போடுவது அதன் வழக்கமான முறை. ராணியை இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கமும் தேடலாம் என்ற நிலை வந்தால், ஒவ்வொரு விநியோகத்திலும் அது ராணியைச் சரியாகப் பிடித்துவிடுகிறது. எனவே "எப்படி ஆடினாலும் பிடிக்கலாம்" என்ற முடிவுக்கு வருகிறது. முதலில் வேறு இனங்களை ஆடி, எதிராளி எதைக் கழிக்கிறார் என்று பார்த்து, ராணி எந்தப் பக்கம் என்று துப்புத் துலக்குவதில் அதற்கு ஒரு லாபமும் தெரிவதில்லை. அனுபவப்பட்ட ஆட்டக்காரர் அந்த இடத்தில் கிளாவரையும் டைமண்டையும் இரண்டு சுற்று ஆடிப் பார்த்த பிறகே ராணியைத் தொடுவார்.