காண்டாட்டாவும் நம் கீர்த்தனையும்



திரை இல்லை, வேடம் இல்லை, நடிப்போரும் இல்லை. ஆயினும் ஒரு கதை முழுவதும் நம் உள்ளத்தில் நிகழ்கிறது. வானொலியின் முன் அமர்ந்திருக்கும் உங்களுக்கு இது வியப்பன்று. குரலையே மேடையாகக் கொண்ட இக்கலை வடிவத்திற்கு மேனாட்டார் காண்டாட்டா என்று பெயரிட்டனர். இத்தாலிய மொழியில் அதற்குப் 'பாடப்படுவது' என்பது பொருள். கருவியில் இசைக்கப்படுவது சொனாட்டா. குரலால் பாடப்படுவது காண்டாட்டா.

17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தோன்றிய இவ்வடிவம் ஜெர்மனியில் செழித்தது. 1723 முதல் 1750-இல் மறையும் வரை லைப்சிக் நகரில் பணியாற்றிய பாக் என்னும் இசை மேதை இயற்றிய சமயக் காண்டாட்டாக்களுள் ஏறத்தாழ 200 இன்றும் கிடைக்கின்றன. காப்பியை விட மறுக்கும் மகளையும் அவளைக் கடியும் தந்தையையும் பற்றி 1730-களில் நகைச்சுவையாகவும் ஒன்று படைத்தார்.

இதன் அமைப்பு எளியது. பேச்சை ஒட்டிய இசைநடை கதையை முன்னே செலுத்தும். அடுத்து வரும் தனிப்பாடல் கதையை நிறுத்தி, ஓர் உணர்ச்சியில் நம்மை ஆழ்த்தும். குழுப்பாடல் பலர் உள்ளத்தை ஒருங்கே உணர்த்தும்.

இதனோடு ஒப்பிடத்தக்கது நம்மிடம் உண்டா? 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாருங்கள். விருத்தமும் வசனமும் கதையை நடத்துகின்றன; கீர்த்தனை வந்ததும் காலம் நின்றுவிடுகிறது. மேனாட்டில் பலர் பகிர்ந்து பாடுவதைக் கதாகாலட்சேபத்தில் ஒருவரே நந்தனாகவும் வேதியராகவும் மாறிப் பாடுவார். அதுவே வேறுபாடு.

பிறப்பின் பெயரால் கோயில் வாயில் அடைக்கப்பட்டவன் நந்தன். தில்லைக்குச் செல்ல விடை கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. அந்த ஆண்டை பெரியபுராணத்தில் இல்லை. பாரதியார் படைத்த பாத்திரம். கேட்கும் குரலும் மறுக்கும் குரலும் எதிரெதிர் நின்றதால் அன்றோ அப்பாடல்கள் உயிர் பெற்றன!

எங்கள் நல்லூரில் பனியன் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஒருநாள் வகுப்பில் இக்கதையைச் சொன்னேன். 'நாளைப் போவேன்' என்று நந்தன் நாள்தோறும் ஏங்கியதைக் கேட்டதும் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, ஊர்த் திருவிழாவிற்கு என் தந்தையாரும் அப்படித்தான் சொல்வார், விடுப்புத்தான் கிடைப்பதில்லை" என்றான். வகுப்பு அமைதியாயிற்று. நந்தன் பட்ட கொடுமை அதனினும் பெரிது. ஆயினும் அவன் குரலை அம்மாணவன் கேட்டுவிட்டான்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நூலில் சொற்பிழைகள் இருப்பது கருதிச் சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார். பின்னர்ப் பாரதியார் தாமே பாடக் கேட்டு, மனம் உருகி அளித்தார். இதனை உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். ஏடு செய்யாததைக் குரல் செய்தது.

இனி இத்தகைய இசையைக் கேட்கும்போது, கதை எங்கே நடக்கிறது, எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அது நிற்கும் இடத்தில் ஒரு மனிதனின் நெஞ்சம் பேசும்.