சாவா மூவாப் பணம்

பேருந்தில் டிக்கெட் எடுக்கும்போது கை தானாகப் பர்ஸைத் தேடுகிறது. நாம் அன்றாடம் புழங்கும் அந்தச் சொல்லுக்கு வயது ஈராயிரத்துக்கும் மேல். கிரேக்கத்தில் 'பிர்ஸா' என்றால் தோல். அது இலத்தீனில் 'புர்ஸா' ஆனது. தோலில் தைத்த பணப்பையைக் குறித்தது. அதன் ஒரு கிளை ஆங்கிலம் வழியாக நம் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது. இன்னொரு கிளை கல்லூரிக்குள் நுழைந்தது. பிரான்சில் மாணவர் உதவித்தொகைக்கு இன்றும் 'பூர்ஸ்' என்றே பெயர், பிரிட்டனில் 'பர்சரி'. பணப்பை எப்படிப் படிப்போடு ஒட்டிக்கொண்டது? அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் இடைக்காலப் பாரிஸில், போதகராகப் படித்த ஏழை மாணவர்களின் வாசலில் போய் நிற்போம்.

ஆண்டு 1180. எருசலேம் யாத்திரையிலிருந்து திரும்பிய லண்டன்காரர் ஜோசியுஸ், பாரிஸின் பெரிய மருத்துவமனையில் ஓர் அறையைப் பார்த்தார். ஏழை மாணவர்கள் அதில் தங்கியிருந்தார்கள். அவர் அந்த அறையைப் பணம் கொடுத்து வாங்கி, 18 மாணவர்களுக்கு நிரந்தரமாக எழுதிவைத்தார். ஆளுக்கு ஒரு படுக்கை. காணிக்கைப் பெட்டியிலிருந்து மாதம் 12 காசு. பதிலுக்கு அவர்கள் செய்யவேண்டிய வேலையும் எழுதப்பட்டிருந்தது. மருத்துவமனையில் யாராவது இறந்தால், சவத்துக்கு முன்னே சிலுவையும் தீர்த்தமும் ஏந்தி முறைவைத்து நடக்கவேண்டும். படித்துக்கொண்டே வேலை, வேலைக்கு உதவித்தொகை என்று இன்றைய பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஏற்பாட்டின் வித்து அந்த ஒற்றை அறையில் இருக்கிறது.

எழுபத்தேழு ஆண்டு கழித்து அதே நகரில் அடுத்த அதிசயம். ரோபேர் தெ சோர்போன் ஏழை வீட்டுப் பிள்ளை. தன் அறிவால் உயர்ந்து மன்னர் ஒன்பதாம் லூயியின் அரண்மனைக் குருவானவர். இறையியலில் முனைவராக அன்று பத்தாண்டுக்கு மேல் பிடிக்கும். கலைப் பட்டம் முடித்த ஏழைகள் அத்தனை காலம் எதை உண்டு, எங்கே தூங்குவது? அந்த முதுநிலை மாணவர்களுக்காகவே 1257-ல் ஒரு கல்லூரி எழுந்தது. அதுதான் சோர்போன். இன்று உலகமே அறிந்த அந்தப் பெயர், இறையியல் படித்த ஏழைகளின் விடுதியாகத்தான் வாழ்வைத் தொடங்கியது.

அதன் கணக்கு இன்றைக்கும் வியக்கவைக்கும். வசதியுள்ளவர் ஆண்டுக்கு 40 பாரிஸ் பவுண்டு கட்டவேண்டும். வசதியில்லாதவருக்காக அதே 40 பவுண்டைக் கல்லூரி தன் நிதியிலிருந்து செலவிடும். யார் வசதியில்லாதவர்? ஆண்டு வருமானம் 40 பவுண்டை எட்டாதவர். நம்மூர்க் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தோடு தாசில்தார் அலுவலகத்தில் வாங்கி இணைக்கிறோமே வருமானச் சான்றிதழ், அதன் மூதாதை இது. இந்த 'வருமான வரம்பு' ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்டுவிட்டது. கட்டுபவரும் பெறுபவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். ஒருவருக்கு ஒதுக்கிய தொகையே மற்றவருக்கும்.

பிறகு கத்தோலிக்கத் திருச்சபை இந்த ஏற்பாட்டை ஊருக்கு ஊர் கொண்டுபோனது. 1563-ல் திரெந்து பொதுச்சங்கம், ஒவ்வொரு மறைமாவட்டமும் குருக்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி நடத்தவேண்டும் என்று ஆணையிட்டது. அதற்கு வைத்த பெயர் 'செமினாரியம்'. நம் உழவர்களுக்கு உடனே புரியும் பெயர் அது: நாற்றங்கால். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, பணக்காரர் பிள்ளைகள் தங்கள் செலவில் படிக்கலாம், நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்ச ஆயர்களின் வருமானத்திலிருந்தே ஒரு பங்கு எடுக்கப்படும் என்று அந்த ஆணை சொன்னது.

இன்று அமெரிக்காவில் போதகராக விரும்புபவர் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு பொதுவாக மூன்றாண்டு படிக்கிறார். 'மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி' என்பது பட்டத்தின் பெயர், சுருக்கமாக எம்.டிவ். மருத்துவமும் சட்டமும் படிப்பவர் கடன் வாங்கலாம். பின்னாளில் வரும் பெரிய சம்பளம் அதை அடைத்துவிடும். கிராமத்துச் சிறு சபைக்குப் போகும் போதகருக்கு அந்தச் சம்பளம் இல்லை. அரசின் மானியமும் அரிது. ஏழை மாணவர்களுக்கான 'பெல்' மானியம் இளநிலையோடு முடிந்துவிடுகிறது. போதகராவதற்கான படிப்பை ஒரு மாநில அரசு தன் உதவித்தொகைத் திட்டத்திலிருந்து விலக்கிவைக்கலாம் என்று 2004-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது? கணிசமான பகுதி, காலமானவர்களிடமிருந்து!

இதை விளக்கத் தஞ்சைப் பக்கம் ஒரு நடை போய்வரவேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ஓர் அறம், கோயிலில் இரவும் பகலும் அணையாமல் எரியும் நந்தா விளக்கு. பல இடங்களில் அதற்குக் கொடையாளி நெய் கொடுப்பதில்லை; 96 ஆடு கொடுப்பார். மன்றாடி எனப்படும் இடையர் அவற்றை மேய்த்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். கிழட்டு ஆடு சாகும், குட்டி அதன் இடத்துக்கு வரும். மந்தை மட்டும் 96-லேயே நிற்கும். அதனால் அந்த மந்தைக்குக் கல்லில் வெட்டிய பெயர்: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு. கொடுத்தவர் போய்விட்டார், அன்று ஆண்ட அரசனின் வம்சமும் போய்விட்டது. விளக்கு எரியவேண்டும் என்பதே ஏற்பாடு.

இறையியல் கல்லூரிகளின் உதவித்தொகைக்குப் பின்னால் நிற்பதும் இதே மந்தைதான். ஆட்டுக்குப் பதில் பணம். இதை 'நிலைநிதி' எனலாம்: முதலைத் தொடாமல் அது ஈனுவதை மட்டும் செலவிடும் நிதி. ஹார்வர்டு கல்லூரிக்கு இப்படி முதலில் கொடுத்தவர் லண்டனைச் சேர்ந்த ஒரு கைம்பெண், ஆன் ராட்கிளிஃப். மௌல்சன் சீமாட்டி என்றும் அழைக்கப்பட்டவர். கடல் கடந்து நிதி திரட்ட வந்த தாமஸ் வெல்ட் என்ற போதகரின் கையில் 1643-ல் அவர் 100 பவுண்டு கொடுத்தார். அதன் ஆண்டு வருவாய், ஓர் ஏழை மாணவர் முதுகலைப் பட்டம் பெறும்வரை அவருக்கு. பிறகு அடுத்த ஏழைக்கு. அந்தக் கல்லூரி பிறந்ததே பெரிதும் போதகர்களை உருவாக்கத்தான். இடையில் அந்த நிதி காலனிக் கருவூலத்தின் கணக்கில் கலந்து, நெடுங்காலம் மறக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழைய ஏடுகளைத் துருவியவர்கள் அவர் பெயரை மீட்டார்கள். ஹார்வர்டோடு இணைந்த பெண்கள் கல்லூரிக்கு 1894-ல் ராட்கிளிஃப் என்று பெயர் சூட்டப்பட்டது.

சரி, நிலைநிதி சாகாமல் இருப்பது எப்படி? கணக்கு விளங்க, கல்லூரியிடம் 1 கோடி ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலீடு ஆண்டுக்கு 9 சதவீதம் ஈட்டுகிறது. ஒன்பது லட்சத்தையும் மாணவர்களுக்கே கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் விலைவாசி 4 சதவீதம் ஏறினால், 18 ஆண்டில் எல்லாம் இரட்டிப்பு விலை. இன்று ஒன்பது பேரைப் படிக்கவைக்கும் அதே தொகை அன்று நான்கைந்து பேருக்குத்தான் காணும். பணம் அப்படியே இருக்கும், மந்தை மெலிந்திருக்கும். ஆகவே ஐந்து லட்சத்தை மட்டும் கொடுத்து, நான்கு லட்சத்தை மந்தைக்குள்ளேயே விடுகிறார்கள். அந்த நான்குதான் குட்டிகள்.

அடுத்த சிக்கல், சந்தை சீராக ஓடாது. ஒரு வருடம் வெள்ளம், மறுவருடம் வறட்சி. மாணவருடைய வீட்டு வாடகை அப்படி ஏறி இறங்குமா? இதற்கு அணைக்கட்டு யோசனை ஒன்று உண்டு. மழை பெய்யும்போதெல்லாம் மதகைத் திறப்பதில்லை. நீரைத் தேக்கி, பாசனத்துக்கு அளந்துவிடுகிறோம். நிதியின் மதிப்பு மூன்றாண்டுகளில் 100, 120, 80 லட்சம் என்று ஆடினால், அந்தந்த ஆண்டு மதிப்பில் 5 சதவீதம் என்பது 5, 6, 4 லட்சம் என்று தள்ளாடும். மூன்றாண்டுச் சராசரியான 100-க்குக் கணக்கிட்டால் 5 லட்சம். சந்தை கவிழ்ந்த ஆண்டிலும் இரண்டாம் வருட மாணவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பவேண்டியதில்லை. 'செலவு விதி' எனப்படும் இந்த ஒற்றை வரிச் சூத்திரம்தான் மதகு.

நிலைநிதி ஏரி என்றால், ஆண்டுதோறும் சபைகளிலிருந்து வருவது ஓடைநீர். ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை 1968-ல் ஊழியக் கல்விக்கென ஒரு பொது நிதியை உருவாக்கியது. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைத் தட்டில் விழும் பணத்தின் ஒரு துளி அதற்குப் போகிறது. நூறு ரூபாய் சேர்ந்தால் 75 திருச்சபையின் பொது அமைப்புக்கு, அதில் பெரும்பகுதி இறையியல் கல்லூரிகளுக்கு; 25 அந்தந்த வட்டாரத்திலேயே தங்கி அங்குள்ள ஊழியக் கல்விக்கு. அமெரிக்காவின் தென்னக பாப்டிஸ்டுகள் 1925 முதல் நடத்தும் கூட்டுறவுத் திட்டம் வேறு வகை. சபைகள் சேர்ந்து ஆறு செமினரிகளைத் தாங்குவதால், தங்கள் சபை மாணவருக்கு அங்கே கட்டணமே குறைவு. உதவித்தொகை தனியாக வருவதில்லை; கட்டண ரசீதுக்குள்ளேயே கரைந்திருக்கிறது.

ஓர் அணாவை இரண்டாக்கும் வித்தையும் உண்டு. 1957-ன் இறுதியில் கானாவில் கூடிய உலக மிஷனரி மன்றம், ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவின் இறையியல் கல்விக்கு ஒரு நிதியைத் தொடங்கியது. ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் 20 லட்சம் டாலர் தர முன்வந்தார். ஆனால் மிஷன் சங்கங்களும் அதே அளவு போடவேண்டும். போட்டார்கள், 40 லட்சம் ஆனது. நீ ஒன்று வைத்தால் நான் ஒன்று வைக்கிறேன் என்னும் இந்த ஏற்பாட்டை 'இணைக்கொடை' எனலாம். தயங்குபவர் கையையும் அது திறந்துவிடும். தான் கொடுக்கும் ஒவ்வொன்றும் இரண்டாவதைக் கண்ணால் பார்க்கிறாரே!

கடனாகக் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1815-ல் பாஸ்டனில் தொடங்கிய அமெரிக்கக் கல்விச் சங்கம், ஏழை இளைஞர்களைப் போதகராக்க உதவியது. முதலில் தானமாகக் கொடுத்தது. 1820-களில் கடன் முறைக்கு மாறியது. கடன் என்றால் மாணவர் சிக்கனமாக இருப்பார், திரும்பி வரும் பணம் அடுத்தவருக்கு ஆகும் என்பது கணிப்பு. ஆனால் கடனோடு ஊழியத்துக்கு வருபவர் சம்பளம் கூடுதலான சபையைத் தேடித்தானே ஆகவேண்டும்? ஆள் கிடைக்காத ஏழைச் சபைக்காகத்தான் அவரைப் படிக்கவைத்ததே. இந்த முடிச்சை அவிழ்க்கச் சில திருச்சபைகள் இன்று கையாளும் உத்தி அழகானது: ஊழியத்தால் கழியும் கடன். படித்து முடித்து ஓராண்டு சபையில் பணியாற்றினால் கடனில் ஒரு பங்கு தள்ளுபடி; குறித்த ஆண்டுகள் நிறைந்தால் முழுவதும். இங்கே ரொக்கத்தின் இடத்தை உழைப்பு எடுத்துக்கொள்கிறது.

சாகாத பணத்துக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. அது யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தக் காரணம் செத்துப்போகலாம். 1861-ல் காலமான பாஸ்டன்காரர் பிரான்சிஸ் ஜாக்சன், அடிமை முறையை ஒழிக்கும் பிரசாரத்துக்குப் பணம் எழுதிவைத்தார். அந்த உயில்மீது எழுந்த வழக்கு முடிவதற்குள், 1865-ல், அடிமை முறையே சட்டப்படி ஒழிந்துவிட்டது. பணத்தை என்ன செய்வது? 1867-ல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம், விடுதலை பெற்றவர்களின் கல்விக்கு அதைத் திருப்பிவிட்டது. கொடுத்தவர் மனத்துக்கு எது மிக நெருக்கமோ அதற்குச் செலவிடு என்பது இதன் பின்னுள்ள நெறி. இன்று எந்தக் கல்லூரியின் பழைய உதவித்தொகை நிபந்தனையும் காலாவதியாகும்போது கைகொடுப்பது இந்த நெறிதான்.

பணம் சாகாதபோது அதன் பிறப்பும் மறைவதில்லை. 1812-ல் நிறுவப்பட்ட பிரின்ஸ்டன் இறையியல் செமினரி, தன் பழைய கணக்கேடுகளைத் தானே திறந்து ஆராய்ந்தது. அது அடிமைகளை வைத்திருக்கவில்லை. ஆனால் அதன் பழைய நிதியில் ஒரு பகுதி, அடிமை முறை நிலவிய தென் மாநிலங்களின் வங்கிகளில் போடப்பட்டிருந்தது; கொடையாளர் பலரின் செல்வத்திலும் அடிமைகளின் வியர்வை கலந்திருந்தது. 2019-ல் செமினரி 2 கோடியே 76 லட்சம் டாலர் ஒதுக்கி, அடிமைப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கும் போதிய இடம் பெறாத சமூகத்தினருக்கும் 30 புதிய உதவித்தொகைகள் உட்படப் பல திட்டங்களை அறிவித்தது. இருநூறாண்டு மேய்ந்த மந்தையிலிருந்து, யாருடைய புல்லைத் தின்றதோ அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் நெய் அளக்கத் தொடங்கினார்கள். கணக்கு எழுதிவைப்பது எத்தனை பெரிய அறம் என்பதை அந்த ஏடுகள் சொல்கின்றன.

இந்த ஏற்பாடு முழுவதையும் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். பாரிஸ் மருத்துவமனையின் ஓர் அறை, 40 பவுண்டு வரம்பு, ஒரு கைம்பெண்ணின் 100 பவுண்டு, ஞாயிற்றுக்கிழமைத் தட்டின் சில்லறை. கொடுத்தவர்களில் எவரும் தம் பணத்தால் படிக்கப்போகிற அத்தனை பேரையும் பார்த்ததில்லை. பெற்றவர்களாலும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கமுடியாது. பெயர் தெரியாத ஒரு சிற்றூரில், நோயாளியின் கட்டிலருகே நள்ளிரவில் போய் உட்காரும் போதகராகத்தான் அந்தக் கடன் அடைகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'பாஸ்டர்' என்ற இலத்தீன் சொல்லுக்கு நேர்ப்பொருள் மேய்ப்பர். சோழநாட்டுக் கோயிலில் ஆடுகளை ஒப்படைக்க நம்பிக்கையான மன்றாடி ஒருவர் தேவைப்பட்டார். மேய்ப்பர் இருந்ததால் மந்தை நிலைத்தது. இங்கே மந்தை நிலைப்பதால் தலைமுறைதோறும் ஒரு மேய்ப்பர் கிடைக்கிறார். அளக்கவேண்டிய உழக்கு மட்டும் மாறவில்லை.