போலீஸ் வேலைக்கு ஓடுறீங்களா? நாடியை எண்ணிட்டு ஓடுங்க!

ஸ்ரீவில்லிபுத்தூர்:-

வத்திராயிருப்பு அருகே உள்ள மகாராஜபுரத்தில் இருந்து சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறைக்கு செல்லும் ரோடு, விடியற்காலையில் ஓடிப் பழக தோதான இடம். மலைக்காற்று, அதிக வண்டி தொல்லை கிடையாது. போலீஸ், ராணுவ வேலை கனவோடு ஓடும் இளைஞர்களில் பலர் செய்யும் தப்பு ஒன்றுதான். தினமும் மூச்சு முட்ட ஓடுவது.

2-ம் நிலை காவலர் உடல்தகுதி தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதாவது 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி. இது எட்ட முடியாத வேகம் இல்லை. ஆனால் தினமும் முழு வேகத்தில் ஓடினால் காலும் நெஞ்சும் களைத்துப்போகும். தேர்வு நாளில் கால் எழும்பாது.

எந்த வேகம் சரி?

இதற்கு நாடித்துடிப்பே அளவுகோல். காலையில் எழுந்ததும் படுத்தபடியே மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 22 வயது வாலிபர் ஒருவருக்கு 66 வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

220-ல் வயதை கழித்தால் 198. இது அவரது இதயம் அதிகபட்சமாக துடிக்கும் உத்தேச அளவு. 198-ல் 66 போக மீதி 132. இதில் 60 முதல் 70 சதவீதத்தை எடுத்து, மறுபடியும் 66-ஐ கூட்டினால் 145 முதல் 158 வரை வரும். இதுதான் மெதுவான ஓட்டத்துக்கான அளவு. பின்லாந்து நாட்டு நிபுணர் கார்வோனன் பெயரில் வழங்கும் கணக்கு இது.

வாட்ச் வேண்டாம்

துடிப்பு காட்டும் வாட்ச் இல்லையே என்று கவலை வேண்டாம். ஓட்டத்தை நிறுத்தியதும் 10 வினாடி மட்டும் நாடியை எண்ணினால் போதும். 24 முதல் 26 வரை இருந்தால் சரியான மெதுவான ஓட்டம். பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓட முடியும். 30-ஐ தொட்டால் அது கடும் வேகம். வாட்ச் கட்டுபவர்கள் பட்டையை இறுக்கமாக கட்ட வேண்டும். தொளதொளவென இருந்தால் தப்பாக காட்டும்.

வாரத்தில் 5 நாள் ஓடினால் 4 நாள் மெதுவாக, ஒரு நாள் வேகமாக ஓடலாம். வேக நாளில் 400 மீட்டரை 1 நிமிடம் 45 வினாடியில் 4 தடவை ஓடலாம். ஒவ்வொரு தடவையும் முடிந்து, 10 வினாடி துடிப்பு 20-க்கு இறங்கும் வரை நடக்க வேண்டும்.

மெதுவாக ஓடினால் வேகம் எப்படி வரும் என்று கேட்கலாம். சில வாரங்களில் இதயம் ஒரே துடிப்பில் கூடுதல் ரத்தத்தை தள்ள பழகிவிடும். அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓடும்போது துடிப்பு குறைந்திருந்தால் பயிற்சி பலிக்கிறது என்று அர்த்தம்.

உஷார்!

220 கணக்கு எல்லோருக்கும் அச்சு அசலாக பொருந்தாது. 10 துடிப்பு முன்னே பின்னே இருக்கலாம். வெயிலிலும் தூக்கம் கெட்டாலும் துடிப்பு ஏறும். காலை நாடி வழக்கத்தைவிட 10 கூடினாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்று ஓட்டத்துக்கு லீவு விட்டுவிட வேண்டும்.

2024-ம் ஆண்டு ஜார்கண்ட் மாநிலத்தில் கலால் துறை காவலர் தேர்வுக்காக 10 கிலோ மீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வந்த இளைஞர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. எனவே ஓடும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல், துடிப்பு தாறுமாறாக அடிப்பது போன்றவை வந்தால் உடனே நிறுத்தி டாக்டரை பார்க்க வேண்டும். குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென மாரடைப்பில் இறந்திருந்தால், பயிற்சியை தொடங்கும் முன்பே இதயத்தை பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

இந்த வருஷம் தவறினாலும் வேலைக்கு அடுத்த தேர்வு வரும். உயிர் போனால் வராது.