போனுக்குத் தடை, ஆப்பில் எல்லா ஷாட்டும்: கோல்ஃப் கிளப்புகள் எதை மாற்ற வேண்டும்?

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை அதிகாலை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பிடித்தார் பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக். ‘பர்டி’க்கும் ‘போகி’க்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்கூட அன்று போனும் கையுமாக உட்கார்ந்து கோல்ஃப் பார்த்தார்கள்.

அதே ஆர்வத்தோடு ஒருவர் பக்கத்தில் இருக்கும் கோல்ஃப் கிளப்பை போனில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எப்போதோ எடுத்த போட்டோ, யாரும் எடுக்காத லேண்ட்லைன் நம்பர். நேரில் போனால் வாசலில் ‘செல்போன் பயன்படுத்தாதீர்’ போர்டு. அவ்வளவுதான், அவர் திரும்ப வரமாட்டார். சந்தாவை நம்பி ஓடும் சின்ன கிளப்புக்கு இது பிழைப்புப் பிரச்சினை. புல்வெளியைப் பராமரிப்பவரின் சம்பளமும் அந்தச் சந்தாவில்தான் இருக்கிறது.

போன் மீது ஏன் இவ்வளவு கோபம்?

கோல்ஃப் அமைதியில் ஆடும் ஆட்டம். மட்டையை ஓங்கும் நேரத்தில் ஒரு ரிங்டோன் கேட்டாலே ஷாட் கெட்டுப்போகலாம். பிரிட்டனின் ‘தி ஓபன்’ தொடரில் 2006-ல் ரசிகர்களின் போன் கேமரா தொல்லை எல்லை மீறியது. அதன்பின் போனுக்கே தடை வந்தது. 2012-ல்தான், சைலன்ட்டில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். அமெரிக்காவின் பிஜிஏ டூர் 2011-ல் கதவைத் திறந்தது. 2017-ல் போட்டி நடக்கும்போதே ரசிகர்கள் போட்டோ, வீடியோ எடுக்கவும் வழிவிட்டது.

அகஸ்டா என்ன செய்கிறது?

‘மாஸ்டர்ஸ்’ நடக்கும் அகஸ்டா நேஷனல் கிளப்பில் ரசிகர்கள் இன்றும் போனோடு உள்ளே போக முடியாது. அவசரத்துக்குப் பேச, அங்கேயே இலவச டெலிபோன்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் இதே மாஸ்டர்ஸ்தான் 2019 முதல் ஒவ்வொரு வீரரின் கிட்டத்தட்ட எல்லா ஷாட்டையும் தன் இணையதளத்திலும் ஆப்பிலும் காட்டுகிறது. உள்ளே அமைதி, வெளியே எல்லோருக்கும் தரிசனம்!

சின்ன கிளப் இதை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அகஸ்டாவுக்குக் கூட்டம் தானாக வரும்; சின்ன கிளப் ஆளைக் கூப்பிட வேண்டும். ஆனால் எந்த இடத்தில் போன் வேண்டாம், எந்த இடத்தில் வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் யோசனையை எடுத்துக்கொள்ளலாம்.

விதிகளே மாறிவிட்டன

2019-ல் வந்த புதிய கோல்ஃப் விதிகளின்படி, தூரம் அளக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். வேண்டாம் என்றால் கிளப்தான் தனி விதி போட வேண்டும். போன் ஆப்பும் இதில் அடக்கம். ஆனால் மேடு பள்ளத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியை ஆட்டத்தின்போது பயன்படுத்தக் கூடாது. 2020-ல் அறிமுகமான உலக ஹேண்டிகேப் முறை, கடைசி 20 ஸ்கோர்களில் சிறந்த எட்டை வைத்து ஒருவரின் திறனைக் கணக்கிடுகிறது. இங்கிலாந்து போன்ற நாடுகளில் அந்த ஸ்கோரை ஆப்பிலேயே பதிவு செய்துவிடலாம். இந்த நிலையில் ‘போனே கூடாது’ என்பது, விதியே கொடுத்த வசதியைப் பிடுங்குவது போலத்தான்.

இன்னொன்று. 18 குழிகள் ஆடி முடிக்க நாலு மணி நேரம் ஆகும். அழைப்பில் இருக்கும் டாக்டரோ, வீட்டில் கைக்குழந்தையை விட்டு வந்த அம்மாவோ அவ்வளவு நேரம் போனை லாக்கரில் வைக்க முடியுமா? மைதானத்தின் கடைசி மூலையில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் உதவப்போவதும் அந்த போன்தானே?

அப்போ என்ன செய்யலாம்?

* இடம் பிரியுங்கள்: மைதானத்தில் சைலன்ட். பேச, கார் பார்க்கிங்கும் கிளப்ஹவுஸில் ஒரு மூலையும். விதிப்படி கிளப் தனக்கென நடத்தை விதிமுறை வகுத்து, மீறினால் பெனால்டியும் வைக்கலாம்.
* தேவையானதைப் போடுங்கள்: காலையில் மைதானம் திறந்திருக்கிறதா, கட்டணம் எவ்வளவு, என்ன உடை? புதியவர் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் இவைதான்.
* வேலையைக் காட்டுங்கள்: கிரீனில் ஏன் திடீரென ஓட்டை போடுகிறார்கள் என்று உறுப்பினர்களே எரிச்சலாகக் கேட்பார்கள். இறுகிய மண்ணுக்குக் காற்று போகத்தான் என்று ஊழியரே ஒரு நிமிட வீடியோவில் சொன்னால், பாதிப் புகார் அடங்கிவிடும்.
* பொறுப்பை ஒருவர் தலையில் கட்டாதீர்கள்: பாஸ்வேர்டு இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். பக்கத்தை நடத்தியவர் கோபித்துக்கொண்டு போனால் பக்கமும் போய்விடக் கூடாது.

எல்லை எங்கே?

மூத்த உறுப்பினர்களின் கவலையும் நியாயமானதே. நிம்மதிக்காக வந்த இடத்தில் யாரோ ஒருவரின் ரீல்ஸில் பின்னணியாக நிற்க யாருக்குப் பிடிக்கும்? அதனால் கேட்காமல் படம் போடக் கூடாது. சிறுவர்கள் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். பின்னால் ஆட ஆள் காத்திருக்கும்போது படப்பிடிப்பு கூடவே கூடாது. கமிட்டிச் சண்டை வாட்ஸ்அப் குரூப்புக்கு வரவே கூடாது.

2020, 2024 யு.எஸ். ஓபன் சாம்பியன் பிரைசன் டிஷாம்போ யூடியூபில் தனி சேனல் நடத்துகிறார். பிஜிஏ டூரே 2024-ல் யூடியூபர்களுக்கென அட்லாண்டாவில் ஒரு போட்டி நடத்தியது. ஆட்டத்தின் உச்சியில் இருப்பவர்கள் போனைத் தேடி வந்துவிட்டார்கள். உள்ளூர் கிளப் செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: வாசல் போர்டில் ‘பயன்படுத்தாதீர்’ என்பதை அழித்துவிட்டு, ‘சைலன்ட்டில் வையுங்கள், வாங்க’ என்று எழுதுவது.