கூடுவிட்டுக் கூடு பாயும் சொத்து: சூப்பர்மேனை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

காமிக்ஸ் பாத்திரம் ஒன்றைச் சினிமாவிலோ தொலைக்காட்சியிலோ மறுபடி உயிர்ப்பிக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் பேச்சு ஒரே தடத்தில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. நடிகர் பொருத்தமா, உடையின் நிறம் சரியா, 'மூலத்துக்கு விசுவாசமாக' எடுப்பார்களா. அந்த மூலம் எங்கே இருக்கிறது, அது யாருடையது, உயிர்ப்பிக்க வேண்டிய அளவுக்கு அதைச் சாகடித்தது யார் என்பவை பேசப்படுவதில்லை. இந்தக் கேள்விகளைச் சூப்பர்மேன் என்கிற பிரதியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நம்மில் பலருக்குச் சூப்பர்மேன் அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் விளம்பரப் பலகை, அவ்வளவுதான். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்பார்கள். இருக்கிறது.

இப்படித் தொடர்ந்து பண்ணப்படும் பாத்திரத் தொகுதியைத் திரைவணிகம் 'ஃபிரான்சைஸ்' என்கிறது. பழைய பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்கு விடுதலை என்று பொருள். பிறகு அரசன் ஒருவனுக்கு எழுதிக்கொடுக்கும் தனிச்சலுகை என்று ஆனது. இப்போது கிளைக்கடை. விடுதலை கிளைக்கடை ஆன இந்தச் சொல்லின் சரித்திரமும் சூப்பர்மேனின் சரித்திரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

2

ஜெர்ரி சீகல் எழுதினார், ஜோ ஷுஸ்டர் வரைந்தார். இருவரும் 1914இல் பிறந்தவர்கள். குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். கிளீவ்லாந்தில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பொருளாதார மந்தக் காலத்தில் இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் அலைந்தார்கள். எல்லா இடத்திலும் வேண்டாம் என்றார்கள். 1938 மார்ச்சில் ஒரு கம்பெனி பதின்மூன்று பக்கக் கதைக்குப் பக்கத்துக்குப் பத்து டாலர் வீதம் 130 டாலர் கொடுத்தது. அதோடு பாத்திரத்தின் முழு உரிமையும் கைமாறியது. மற்ற வேலைகளுக்கான கூலியும் சேர்த்து வந்த காசோலை 412 டாலர். அந்தக் காசோலைத் தாள் 2012இல் ஏலத்தில் 1,60,000 டாலருக்கு விலைபோனது. கதை வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்குப் போயிற்று. உழைப்புக்குக் கிடைத்த கூலியைவிட, கூலி கொடுத்ததற்கான ரசீதுக்குப் பல நூறு மடங்கு மதிப்பு. பண்டம் பற்றி மார்க்ஸ் சொன்னதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைக்காது.

அந்த 1938இன் சூப்பர்மேன் யார்? அவனுக்குப் பறக்கத் தெரியாது; தாவத்தான் தெரியும். முதல் இதழில் மனைவியை அடிக்கிற ஒருத்தனைத் தூக்கிச் சுவரில் எறிகிறான். இரண்டாம் இதழில் ஆயுத உற்பத்தியாளன் ஒருவனை, அவன் சரக்கு வெடிக்கிற போர்முனைக்கே சிப்பாயாக இழுத்துப் போகிறான். கடைசியில் இரண்டு பக்கத்துத் தளபதிகளையும் எதிரெதிரே நிறுத்தினால், எதற்குச் சண்டை என்று இருவருக்குமே தெரியவில்லை. மூன்றாம் இதழில் பாதுகாப்பற்ற சுரங்கத்தின் முதலாளியையும் விருந்துக்கு வந்த பெரிய மனிதர்களையும் அதே சுரங்கத்துக்குள் அடைபட வைக்கிறான். எட்டாம் இதழில் ஏழைகளின் இடிந்த குடியிருப்புகளைத் தானே தகர்க்கிறான், அரசாங்கம் புதிதாகக் கட்டித்தரட்டும் என்று. புரட்சிக்காரன் என்று இவனைச் சொல்ல மாட்டேன். தனி மனித வீரத்தில் நம்பிக்கை வைத்த ஒரு கோபக்காரன். ஆனால் அந்தக் கோபத்துக்கு வர்க்க அடையாளம் இருந்தது.

3

உம்பர்ட்டோ எக்கோ 1962இல் சூப்பர்மேன் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உலகத்தின் பொருளாதாரத்தையே புரட்டிப்போடக்கூடிய சக்தி படைத்த ஒருவன், ஏன் உள்ளூர் வங்கிக் கொள்ளையரைப் பிடித்துக்கொண்டு காலத்தைக் கழிக்கிறான் என்பது அவருடைய கேள்வி. இந்தக் கதையாடலில் தீமை என்றால் தனியுடைமைமீது நடக்கும் தாக்குதல், நன்மை என்றால் தருமம். குடிமை உணர்வு உண்டு, அரசியல் உணர்வு கிடையாது என்று முடிக்கிறார். எக்கோ படித்த சூப்பர்மேனுக்கு இந்த வாசிப்பு முற்றிலும் சரி. என்னுடைய குறுக்கீடு இதுதான்: அவர் கையில் இருந்தது ஏற்கெனவே சலவை செய்யப்பட்ட சூப்பர்மேன். அரசியல் இல்லாமை அந்தப் பாத்திரத்தின் பிறவிக்குணம் அல்ல, அது இடையில் நிகழ்ந்தது. நிகழ்ந்த ஒன்றுக்குத் தேதி உண்டு, ஆட்கள் உண்டு.

1940இல் வானொலி, 1941இல் கார்ட்டூன் படங்கள், 1952இல் தொலைக்காட்சித் தொடர். ஒவ்வொரு கூடும் எதையோ சேர்த்தது. அவனைச் சாய்க்கிற கிரிப்டோனைட் 1943இல் வானொலித் தொடரிலிருந்து வந்தது. பறத்தலைப் பழக்கப்படுத்தியதில் கார்ட்டூன்களுக்குப் பங்குண்டு. ஆகவே கலப்பற்ற 'மூலம்' என்று ஒன்றைத் தேடிப்போவது வீண்வேலை. 1946இல் அதே வானொலித் தொடர் கூ கிளக்ஸ் கிளான் போன்ற ஒரு வெறிக்கும்பலைப் பெயர் மாற்றிப் பல வாரங்கள் தோலுரித்ததையும் மறக்கக்கூடாது. வெகுஜன ஊடகம் என்றாலே மழுங்கல்தான் என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒட்டுமொத்தத் திசை தெளிவு. பதிப்பாசிரியர்கள் விதித்த ஒழுக்கக் கட்டுப்பாடுகள், போர்க்காலத் தேசபக்தி, கெல்லாக்ஸ் தானிய உணவுக் கம்பெனி படியளந்த தொலைக்காட்சி. உண்மைக்கும் நீதிக்கும் கூடவே 'அமெரிக்க வழி'க்கும் போராடுபவன் என்கிற அறிமுகம் வாராவாரம் வீட்டுக்கூடத்தில் ஒலித்தது. சுரங்க முதலாளி கதையிலிருந்து கழன்றுகொண்டான்.

4

இதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. 1947இல் சீகலும் ஷுஸ்டரும் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். 1948இல் சுமார் 94,000 டாலருக்குச் சமரசம். பெரும்பகுதி வழக்குச் செலவில் கரைந்தது. வேலை போயிற்று, இதழ்களிலிருந்து இருவர் பெயரும் எடுக்கப்பட்டன. ரோலண்ட் பார்த் 'ஆசிரியனின் மரண'த்தை அறிவித்தது 1967இல். அதற்கு இருபது வருஷம் முன்பே ஒரு கம்பெனி அதை நடத்திக் காட்டிவிட்டது.

நம் சிறுபத்திரிகைச் சூழல் மிகவும் விரும்பி ஏற்றுக்கொண்ட கருத்து அது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பார்த் ஆசிரியனை அகற்றியது வாசகனைப் பிறப்பிக்க. அமெரிக்கச் சட்டத்தில் 'கூலிக்குச் செய்த படைப்பு' என்றொரு வகை இருக்கிறது. அதன்படி எழுதியவன் ஆசிரியனே அல்ல, கூலி கொடுத்த நிறுவனம்தான் ஆசிரியன். இங்கே காலியான நாற்காலியில் வாசகன் உட்காரவில்லை, கம்பெனி உட்கார்ந்துகொண்டது. கோட்பாட்டைக் கைவிடச் சொல்லவில்லை. அர்த்தத்தின் அதிகாரியாக ஆசிரியனை மறுப்பது வேறு, உழைப்பாளியாக அவனை மறப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நாம் பேசுவது கம்பெனி வக்கீலின் வாதமாக ஆகிவிடும்.

5

1975. சூப்பர்மேனைப் பெரும் செலவில் சினிமாவாக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. சீகலுக்கு 61 வயது. லாஸ் ஏஞ்சல்ஸில் எழுத்தர் வேலை. ஷுஸ்டர் நியூயார்க்கில், பார்வை ஏறக்குறையப் போன நிலையில். சீகல் வயிறெரிந்து படத்துக்கே சாபம் விட்டு நீண்ட அறிக்கை ஒன்றைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற சக ஓவியர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். பத்திரிகை, தொலைக்காட்சி, ஓவியர் அமைப்புகள் என்று விவகாரம் பரவியது. டிசம்பரில் வார்னர் கம்பெனி இறங்கிவந்தது: ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், படைத்தவர்கள் என்று பெயர் போடுவது. 1978இல் வெளியான படத்தில் சில நிமிடங்களே வரும் மார்லன் பிராண்டோவுக்குப் பேசிய சம்பளம் 37 லட்சம் டாலர், லாபப் பங்கு தனி. ஒப்பிட்டால் வெட்கக்கேடு. ஆனாலும் இருபத்தேழு வருஷம் அழிந்துகிடந்த பெயர் திரும்பியது.

ஏன் அப்போது? நியாயம் 1948இலும் அதேதான். 1975இல் கூடுதலாக இருந்தது ஒன்று: கம்பெனிக்கு மக்களின் பிரியம் தேவைப்பட்டது. பெட்டிக்குள் கிடக்கும்வரை சொத்து ஊமை. யாருடைய தயவும் அதற்கு வேண்டாம். உயிர்ப்பிக்க வேண்டும் என்றால் வாசகனின் பால்யத்தை, ஞாபகத்தை, ஏக்கத்தைக் கடன் கேட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும். அந்த வேளையில் அசிங்கப்பட அது அஞ்சுகிறது. உயிர்ப்பிக்கும் தருணமே பேரத்தின் தருணம் என்று நான் சொல்வது இதைத்தான். ரசிகப் பிரியத்தை வெறும் மயக்கம் என்று தள்ளிவிடுகிற நமது பழக்கம் இந்த இடத்தில் திருத்தப்பட வேண்டும். அமைப்பாகத் திரண்டால் அந்தப் பிரியம் ஒரு நெம்புகோல்.

6

1992 நவம்பரில் கம்பெனி சூப்பர்மேனைச் 'சாகடித்தது'. இதழ் லட்சக்கணக்கில் விற்றது, அடுத்த வருஷம் அவன் எழுந்து வந்தான். ஜோ ஷுஸ்டர் நிஜமாகவே இறந்ததும் 1992இல்தான், ஜூலை மாதம். அவருடைய சகோதரியும் சகோதரரும் ஆண்டுக்கு 25,000 டாலர் பெறும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்; பிற்காலத்தில் உரிமையை மீட்கப் போனபோது நீதிமன்றத்தில் அந்தக் கையெழுத்தே தடையாக நின்றது. சீகல் குடும்பத்துக்கு 2008இல் பாதி வெற்றி கிடைத்தது. 2001இலேயே பேசி முடித்தாயிற்று என்று 2013இல் மேல்முறையீட்டில் அதுவும் போயிற்று. 2023இல் வந்த 'ஃபிளாஷ்' படத்தில் இறந்துபோன சூப்பர்மேன் நடிகர்களின் உருவங்களையே கணிப்பொறியில் எழுப்பிக் காட்டினார்கள். பாத்திரத்துக்குப் பிறகு உடம்பும் உடைமைக் கணக்கில் ஏறிவிட்டது.

2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் இயக்கிய 'சூப்பர்மேன்' வந்தது. கற்பனை நாடு ஒன்று ஏழை அண்டை நாட்டின்மீது படையெடுக்கிறது. பின்னால் நின்று ஆயுதம் கொடுப்பவன் ஒரு பெருமுதலாளி. குறுக்கே நிற்கிறான் சூப்பர்மேன். காசாவை நினைத்துக்கொண்டு பலர் பார்த்தார்கள். இயக்குநர் அப்படி எழுதவில்லை என்றார். இது குடியேறியவனின் கதை என்று அவர் சொன்னதற்கு அமெரிக்க வலதுசாரிகள் குதித்தார்கள். எனக்கு ஞாபகம் வந்தது 1938இன் இரண்டாம் இதழ்: அங்கேயும் ஒரு கற்பனை நாடு, ஓர் ஆயுத வியாபாரி. எண்பத்தேழு வருஷம் கழித்துப் பழைய கோபத்தின் ஒரு துணுக்கு வெளியே வந்திருக்கிறது. இதை நான் வரவேற்கிறேன்.

அதே ஆண்டு ஜனவரியில் ஷுஸ்டரின் வாரிசுத் தரப்பு வழக்குப் போட்டிருந்தது. ஆதாரம், பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்ட மரபு: ஆசிரியன் எழுதிக்கொடுத்த உரிமை அவன் இறந்து இருபத்தைந்து ஆண்டுகளில் வாரிசுக்குத் திரும்பும். ஷுஸ்டர் கணக்கில் அது 2017. காலனிய எஜமானின் பழைய சட்டத்தில் எழுதுகிறவனுக்கு இருந்த இடம், சுதந்திரச் சந்தையின் நீதிமன்றத்தில் அவன் வாரிசுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி ஏப்ரலில் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று தள்ளுபடி செய்தார். படம் தடையில்லாமல் வந்தது. ஆயுத முதலாளியைத் திரையில் எதிர்க்கிற கதையும், படைத்தவனின் வாரிசை வாசலில் நிறுத்துகிற கம்பெனியும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் சேர்ந்து வாழ முடிகிறது. கதைக்குள் எதிர்ப்பை அனுமதிப்பதில் மூலதனத்துக்குச் சிரமமில்லை. கணக்குப் புத்தகத்தில்தான் சிரமம். எனவே ஒரு மறுவுயிர்ப்பைப் பார்க்கிறபோது 'உள்ளடக்கம் முற்போக்கா' என்பதோடு நிற்காமல், பெயர் எங்கே, பங்கு எவ்வளவு, யார் கையெழுத்து என்றும் கேட்க வேண்டும். படம் வருவதற்கு முன்பே கேட்க வேண்டும். வந்து ஓடி முடிந்த பிறகு கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

7

அமெரிக்கச் சட்டக் கணக்குப்படி 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 2034 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாகிறது. அதற்குப் பிறகு சேர்ந்தவை அந்தந்தத் தேதிவரை கம்பெனியிடமே இருக்கும். வணிகச்சின்னங்களை வைத்துக்கொண்டும் மல்லுக்கட்டுவார்கள். வானொலியின் கிரிப்டோனைட் கிடையாது, 'அமெரிக்க வழி' கிடையாது. முதலில் எல்லோருக்கும் வந்து சேரப்போகிறவன் பறக்கத் தெரியாத, மனைவியை அடிப்பவனைச் சுவரில் எறிகிற அந்தக் கோபக்காரன். சுரங்கமும் அவனோடு சேர்ந்தே வரும்; இடிந்த குடியிருப்பும் வந்து சேரும்.

அவனை என்ன செய்வது என்று அப்போது எழுதுகிறவர்கள் முடிவுசெய்யட்டும். 130 டாலர் கணக்கை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.