மழை பெய்தால் கட்டணம் ஏறுமா?

டெல்லியில் மாலை நேரம். நல்ல மழை. வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். காலையில் ஒருவர் 100 ரூபாய் கொடுத்து வாடகைக் காரில் வந்தார். அதே தூரத்துக்கு இப்போது 180 ரூபாய் என்று செல்போன் காட்டுகிறது. கட்டணம் ஏன் ஏறியது?

ஓலா, ஊபர் போன்ற நிறுவனங்கள் செல்போன் மூலம் வண்டி ஏற்பாடு செய்து தருகின்றன. வண்டி கேட்பவர்கள் எத்தனை பேர்? அருகில் காலியாக உள்ள வண்டிகள் எத்தனை? இதைக் கணினி கணக்குப் பார்க்கிறது. கேட்பவர்கள் அதிகமானால் கட்டணத்தை ஏற்றுகிறது. கூட்டம் குறைந்தால் இறக்குகிறது. பண்டிகை நாளில் பூ விலை ஏறுவது போலத்தான்.

"கட்டணம் கூடினால் அதிக ஓட்டுநர்கள் வருவார்கள். அவசரம் உள்ளவருக்கு வண்டி கிடைக்கும்" என்று நிறுவனங்கள் சொல்கின்றன.

"அவசரம் உள்ளவரிடம் பணம் இல்லாவிட்டால்?" என்று மக்கள் கேட்கிறார்கள். விலை ஏறினால் பூ வாங்காமல் இருக்கலாம். காய்ச்சலில் துடிக்கும் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு போகாமல் இருக்க முடியுமா?

2016 ஏப்ரலில் இந்தக் கேள்வி டெல்லியில் பெரிதாக எழுந்தது. காற்று மாசைக் குறைக்க அங்கே ஒரு திட்டம் அப்போது நடப்பில் இருந்தது. அதன்படி, ஒற்றைப்படை எண்ணில் முடியும் கார்கள் ஒரு நாள் ஓடும். இரட்டைப்படை எண்ணில் முடியும் கார்கள் மறுநாள் ஓடும். அதனால் பலரும் வாடகைக் காரைத் தேடினார்கள். கட்டணம் மிகவும் ஏறியது. மக்கள் கொதித்தார்கள். அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அப்போதைய முதலமைச்சர் அரவிந்த் கேஜ்ரிவால் எச்சரித்தார். நிறுவனங்கள் டெல்லியில் கூடுதல் கட்டணத்தைத் தற்காலிகமாக நிறுத்தின.

கட்டணம் ஏறுவதற்கு ஓர் எல்லை வேண்டாமா? 2020-இல் மத்திய அரசு ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டது. அடிப்படைக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. 2025 ஜூலையில் வந்த புதிய நெறி அதை இரண்டு மடங்காக உயர்த்தியது. அடிப்படைக் கட்டணம் 100 ரூபாய் என்றால், 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 50 ரூபாய்க்குக் கீழும் இறங்கக் கூடாது. ஓட்டுநர் சொந்த வண்டி வைத்திருந்தால், கட்டணத்தில் 100-க்கு 80 ரூபாயாவது அவருக்குச் சேர வேண்டும். அடிப்படைக் கட்டணத்தை அந்தந்த மாநில அரசு நிர்ணயிக்கும்.

உங்கள் ஊரின் அடிப்படைக் கட்டணத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். வண்டி கேட்கும் முன் செல்போனில் தெரியும் தொகையைப் படியுங்கள். அதிகமாக இருந்தால் சிறிது நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். பேருந்து உண்டா என்றும் பாருங்கள். ரசீதை அழிக்காதீர்கள். கட்டணத்தில் தவறு நடந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். உயிருக்கு ஆபத்து என்றால் வாடகைக் காருக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 112 என்ற எண்ணை அழையுங்கள்.

எண்களைப் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.