தொடக்கத் தட்டும் அதன் முதலுதவியும்

கணினியை எழுப்பும் கட்டளைத் தொகுதி எத்தட்டில் உறைகின்றதோ அதனைத் தொடக்கத் தட்டு என்பர். 'தட்டு' என்பது பழைய வடிவம் பற்றி நின்ற பெயரே. இன்றைய பொறிகள் பலவற்றிற் சுழலும் தகடு இல்லை, நினைவகச் சில்லுகளே உள்ளன.

இத்தட்டினை ஒரு நூலகமாகக் கொள்வோம். கோப்புகள் நூல்கள். எந்நூல் எவ்வடுக்கில் உளதென உரைக்கும் பதிவேடொன்றும் தட்டிலேயே உண்டு. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் தடைப்படின், நூல் இருந்தும் பதிவு இல்லாமலோ, பதிவு இருந்தும் நூல் இல்லாமலோ போதல் கூடும். இந்நாளைய பதிவு முறைகள் இதனைப் பெரிதும் தாங்குமெனினும் முற்றாகத் தப்புவதில்லை.

அப்பிள் நிறுவனத்தின் மக் கணினியில், 'டிஸ்க் யூட்டிலிட்டி' என்னும் செயலியிலுள்ள 'ஃபேர்ஸ்ட் எயிட்' இப்பதிவேட்டை ஒப்புநோக்கித் திருத்துவது. முதலுதவி என்று பெயரிட்டவர் அளவறிந்தே இட்டனர் போலும்! அது பதிவேட்டைத் திருத்துமேயன்றி, அழிந்த ஏட்டை மீள எழுதித் தராது. ஒரே இடத்தை இரு கோப்புகள் தமதெனக் கொள்ளும் பிழையொன்று உண்டு. அங்கே ஒன்றன் எழுத்துகள் மற்றொன்றன்மேல் விழுந்திருத்தல் கூடும். அவற்றுள் ஒன்றேனும் பெரும்பாலும் கெட்டதே. ஆதலின், தட்டு திறக்கும் நிலையிலிருந்தால், வினாத்தாள்களையும் புள்ளிப் பட்டியல்களையும் வேறொரு தட்டிற் படியெடுத்த பின்னரே திருத்தத்தைத் தொடங்குக. இம்முறையை மாற்றிச் செய்வோரே மிகுதி.

இரவல் கொடுக்கும் வேளையில் நூலகத்தில் இருப்பெடுத்தல் அரிதன்றோ? அதுபோலவே, தொடக்கத் தட்டை அதிலிருந்தே இயங்கும் பொறி செவ்வனே திருத்தல் அரிது. ஆகவே மீட்பு முறையிற் புகுதல் வேண்டும். இன்ரெல் சில்லுடைய மக் கணினியில், பொறியை முடுக்கியவுடன் கொமாண்ட், ஆர் என்னும் இரு விசைகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க. 2020 முதல் வந்த அப்பிள் சில்லுடையவற்றில், தெரிவுகள் தோன்றும்வரை மின்விசையையே அழுத்திப் பிடித்தாற் போதும். பின்னர் எல்லாச் சாதனங்களையும் காட்டச் செய்து, முதலில் உட்பிரிவுகளையும், அடுத்து அவற்றை அடக்கிய கொள்கலனையும், இறுதியில் தட்டு முழுவதையும் சோதிக்க.

வின்டோஸ் கணினியில் இதனைச் செய்வது 'செக்டிஸ்க்' என்னும் கட்டளை. தொடக்கத் தட்டு பயன்பாட்டில் உள்ளதெனக் கூறி, அடுத்த தொடக்கத்திற் சோதிக்கலாமா என அதுவே வினவும்.

பதிவேட்டைத் திருத்த இயலவில்லை என்று செயலி அறிவிப்பின், தட்டை முழுவதும் அழித்துக் கட்டளைத் தொகுதியைப் புதிதாக நிறுவுதலே வழி. தட்டே பழுதுறப் போகின்றது என்று அறிவிப்பின் நிலை வேறு. அடுக்கைக் கறையான் அரிக்கும்போது பதிவேட்டைத் திருத்தி யாது பயன்? படியெடுத்துக்கொண்டு தட்டை மாற்றுக.